கார்டைக் காட்டுங்க, கண்ணு

காந்திபுரத்தில் நூறடி ரோட்டை ஒட்டிய அந்த ஓட்டலில், பார் வாசலில் ஒரு பெண் நின்று வயதைக் கேட்பது முதலில் பலருக்கு வேடிக்கையாக இருந்தது. கிருபாவுக்கு நாற்பத்தைந்து வயது. கணபதியிலிருந்து சேலை கட்டிக்கொண்டுதான் டவுன் பஸ் ஏறுவாள். ஓட்டலுக்கு வந்த பிறகு நீலச் சட்டையும் கறுப்பு பேண்டும் மாற்றிக்கொண்டு, மதியம் பார் திறந்ததும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றுவிடுவாள். நரைத்த தலைகளுக்கு வணக்கம் வைத்து உள்ளே விடுவாள். மீசை அரும்பிய முகம் எது வந்தாலும் கை நீளும்.

"கார்டைக் காட்டுங்க, கண்ணு."

குரலில் அதட்டல் இருக்காது. ஆனால் இருபத்தொன்று ஆகாத எவனும் அவளைத் தாண்டிப் போனதில்லை. செல்போனில் எடுத்து வைத்த போட்டோ செல்லாது, ஜெராக்ஸ் செல்லாது. அண்ணன்மார்களின் லைசென்சைத் தூக்கிக்கொண்டு வருகிற பையன்கள் உண்டு. பிறந்த தேதி கேட்டால் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல மூச்சுவிடாமல் சொல்வார்கள். சொந்தப் பிறந்தநாளை யாரும் அத்தனை அவசரமாகச் சொல்வதில்லை என்பது வேலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. "பத்தாவது எந்த வருசம் எழுதுனீங்க?" என்று சாவகாசமாகக் கேட்பாள். பையன் மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்குவான். அவ்வளவுதான், கார்டு அவன் கைக்கே திரும்பிவிடும்.

ஒருமுறை ஓர் அப்பா காலேஜ் படிக்கிற மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "நான் கூட இருக்கறன்ல? என்ற பையனுக்கு நான் வாங்கிக் குடுக்கறேன். உனக்கென்னம்மா?" என்று சத்தம் போட்டார்.

"உங்க பையங்கறதுனாலதானுங்க சொல்றேன். வயசு ஆகட்டுங்க" என்றாள் கிருபா.

அவர் மேனேஜர் லாஸ்யாவிடம் போய்ப் புகார் சொன்னார். லாஸ்யா சின்னப் பெண்தான் என்றாலும் தெளிவானவள். "அக்கா சொன்னா சொன்னதுதானுங்க சார்" என்று கைகூப்பி அனுப்பிவைத்தாள்.

இந்த வேலையை யாரும் அவள் தலையில் கட்டவில்லை. அதற்கு முன்பு செக்யூரிட்டி கம்பெனி அவளை ஒரு ஜவுளிக்கடையில் போட்டிருந்தது. பார் வாசலில் வெகுகாலம் நின்ற கந்தப்பனுக்கு முழங்கால் போய், அவரைப் பார்க்கிங்குக்கு மாற்றியபோது, அந்த இடத்துக்கு யார் போவது என்று பேச்சு வந்தது. "நான் போறனுங்க" என்று அவளாகத்தான் சொன்னாள்.

அவளுடைய கணவர் சாமுவேல், கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். அன்றைக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"நம்ம பையன முழுங்குன எழவு அது. அதுக்கு நீ போயிக் காவல் நிக்கறயா?"

"அங்க கேக்கறதுக்கு ஆளில்லாமதானுங்க நம்ம பையன் போனான்."

அவர் எழுந்து கை கழுவப் போனார். சரி என்று சொல்லவில்லை.

அவர்களுக்கு ஒரே பையன். எபினேசர் என்று பெயர் வைத்து எபி என்று கூப்பிட்டார்கள். டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தவன், பத்தொன்பது வயதில், ஊருக்கு வெளியே ஒரு பாரில் குடித்துவிட்டு நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தான். நிறுத்தியிருந்த லாரியின் பின்பக்கத்தில் வண்டி மோதியது. எபி அந்த இடத்திலேயே போய்விட்டான். ஓட்டிய பையன் தொடை எலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் பெயர் சீனிவாசலு. தெருவுக்கு அவன் சீனு. அதே வரிசையில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்த தெலுங்கு பேசும் குடும்பம் அவனுடையது. யூகேஜியிலிருந்து எபியோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவன், பாதிநாள் கிருபாவின் அடுப்படியில்தான் சாப்பிடுவான். விபத்துக்குப் பிறகு அவன் அம்மா ஒருநாள் இவர்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். சாமுவேல் கதவைச் சாத்திவிட்டார். கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு துடியலூர் பக்கம் போய்விட்டது.

எபி குடித்த அந்த பாரில் யாரும் வயது கேட்பதில்லை என்று போலீஸ்காரர்களே சொன்னார்கள். சீல் வைத்தார்கள், பிறகு திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே மிஞ்சியது ஒரே பேச்சுதான். "ஒருத்தன், ஒரே ஒருத்தன், உனக்கு என்ன வயசு தம்பின்னு கேட்டிருந்தா." சாமுவேல் சாப்பிடும்போது சொல்வார், ஷேவ் பண்ணும்போது பாதி முகத்தில் நுரையோடு நிறுத்திச் சொல்வார். கிருபாவை அந்த வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் அந்தப் பேச்சுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நாலு இளவட்டங்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவனுக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது போல, ட்ரீட் ட்ரீட் என்று அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். நாலாவது ஆள் பின்னாலேயே நின்றான்.

"தம்பி, நீங்களும் குடுங்க" என்று நிமிர்ந்து பார்க்காமலே கை நீட்டினாள் கிருபா.

கார்டு வந்தது. பெயரைப் படித்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள். கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. எபிக்கும் அவனுக்கும் பிறந்தநாள் ஒரே வாரத்தில் வரும். பத்தாவது வரைக்கும் ஒரே கேக்தான், மேலே இரண்டு பெயர் எழுதி வாங்குவார்கள். சீனுவுக்கு இருபத்தொன்று ஆகிவிட்டது. தடுப்பதற்கு எதுவுமே இல்லை.

"உனக்கு ஆயிருச்சு" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "உள்ள போலாம்."

"ஆன்ட்டி… நான் குடிக்க வரலீங்க. சத்தியமா அதுக்கப்புறம் தொட்டதே இல்லீங்க. கூட வேலை செய்யறவங்க சும்மா வாடான்னு கூப்பிட்டாங்க. நீங்க இங்க இருக்கறது எனக்குத் தெரியாதுங்க."

அவன் கார்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. பின்னால் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். உள்ளேயிருந்து பார்த்த லாஸ்யா வெளியே வந்து, எதுவும் கேட்காமல், "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று வாசலில் நின்றுகொண்டாள்.

இரண்டு பேரும் கட்டடத்தின் பக்கவாட்டுக்குப் போனார்கள். ஏசி மெஷின்கள் அங்கே சூட்டுக் காற்றைக் கக்கிக்கொண்டிருந்தன. சீனு வலது காலை ஊன்றாமல் சுவரில் சாய்ந்து நின்றான். அவனைப் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று கிருபா எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வண்டிச்சக்கரம் ஏறியது போல அவன் நெஞ்சில் ஏற வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவை. அதில் ஒன்றுகூட வரவில்லை.

"சாப்பிட்டயா?" என்றுதான் கேட்க வந்தது.

அவன் தலையை ஆட்டினான். ஆட்டும்போதே அழத் தொடங்கிவிட்டான். இத்தனை பெரிய ஆள், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, யூகேஜி பையன் மாதிரியே அழுதான்.

"கால் எப்படி இருக்குது?"

"உள்ள கம்பி வெச்சிருக்காங்க. நடக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

"அம்மா?"

"இருக்குதுங்க. உங்கள நெனச்சு அழுகாத நாளில்லீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுடைய நீலச் சட்டையைப் பார்த்தான். "நீங்க எதுக்குங்க ஆன்ட்டி இந்த எடத்துல?"

"எதுக்குன்னா? அன்னைக்கு அங்க வாசல்ல ஒரு ஆள் நின்னு வயசக் கேட்டிருந்தா, எபி திரும்பி ஊட்டுக்கு வந்திருப்பான். என்ற பையனுக்குத்தான் யாரும் கேக்கல. மத்தவங்க பசங்களுக்காவது கேக்கலாம்னு நிக்கறேன்."

சீனு கண்ணாடிக் கதவு இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு எதையோ சொல்ல வந்து வந்து நின்றது.

"என்ன கண்ணு?"

"கேட்டாங்க ஆன்ட்டி."

"என்னது?"

"வயசு. கேட்டாங்க. அன்னைக்கு மொதல்ல நாங்க இங்கதானுங்க வந்தோம். இதே கதவுதான். பெரிய மீசை வெச்ச அண்ணன் ஒருத்தர் நின்னாரு. கார்டு வாங்கிப் பாத்துப்போட்டு, இன்னும் வயசு ஆகல, போயிப் படிங்க சாமின்னு சொன்னாரு. நல்லாத்தானுங்க சொன்னாரு. நாங்க திரும்பிப் போயிட்டோம்."

பெரிய மீசை என்றால் கந்தப்பன்தான். அப்படியென்றால் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தர் நின்றிருக்கிறார், கை நீட்டியிருக்கிறார், தேதியைப் பார்த்திருக்கிறார், அன்பாகச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். இவள் தினமும் என்ன செய்கிறாளோ அதையே, ஒரு அணுகூடக் குறையாமல் செய்திருக்கிறார். அதன் பிறகும் பையன் வீட்டுக்கு வரவில்லை.

"இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலீங்க."

"இங்கிருந்து அங்க போலாம்னு யார் கூப்பிட்டது?"

"நான்தானுங்க" என்றான் சீனு உடனே. "நான்தான் கூப்பிட்டேன். எபி வேண்டாம்னுதான் சொன்னான், ஊட்டுக்குப் போலாம்னுதான் சொன்னான், நான்தான் அங்க யாரும் கேக்கமாட்டாங்கன்னு இழுத்துட்டுப் போனேன்."

மூச்சுவிடாமல் சொன்னான். அண்ணனின் பிறந்த தேதியைச் சொல்லும் பையன்களின் அதே வேகம். கிருபாவுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் மகன் முகம் எதிரே வந்து நின்றது. இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் அதை எப்படியாவது அடைந்தே தீர வேண்டும் என்கிற முகம். சின்ன வயசில் பீரோ மேல் ஒளித்து வைத்த முறுக்கு டப்பாவை ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு எடுத்தவன் அவன். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம்டா எபி, வேண்டாம்டா என்று பயந்தவன் சீனு. அவள் வந்து பார்த்ததும், "நான்தான் ஆன்ட்டி எடுக்கச் சொன்னேன்" என்று முந்திக்கொண்டு சொன்னவனும் அவன்தான்.

"செரி கண்ணு" என்றாள். கார்டை அவன் சட்டைப் பையில் வைத்தாள். "பாத்துப் போ. பஸ்ஸுல போ."

அந்த வாசலுக்கு வேலைக்கு வந்த பிறகு, தெரிந்தே அவள் விட்டுவிட்ட பொய் அது ஒன்றுதான்.

டீ நேரத்தில் பார்க்கிங் பக்கம் போனாள். கந்தப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார்.

"என்னம்மணி, மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"அண்ணா, நீங்க வாசல்ல இருக்கறப்பத் திருப்பி அனுப்புன பசங்க மொகமெல்லாம் ஞாபகம் இருக்குதுங்களா?"

"எங்க ஆகுது? தெனமும் எத்தன பேரு. ஆனா ஒண்ணு அம்மணி, வயசு ஆகாதவன் ஒருத்தனைக்கூட உள்ள உட்டதில்ல. என்னால ஒரு ஊடு கெட்டுச்சுன்னு யாரும் சொல்ல முடியாது." மீசைக்குக் கீழே அவர் சிரித்தார். "ராத்திரி படுத்தாத் தூக்கம் வருதுன்னா அதுனாலதான்."

"ஆமாங்கண்ணா" என்றாள் கிருபா. டீ பாதி டம்ளரிலேயே ஆறிப்போனது. எடுத்துக் கீழே ஊற்றினாள்.

மறுபடி வாசலுக்கு வந்தபோது இரண்டு பையன்கள் நின்றார்கள். ஒருவனுக்கு வயது சரி. இன்னொருவனுக்கு ஆகவில்லை. கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை என்ற சொல் வாயில் வரவேயில்லை. உள்ளே விட முடியாது. திருப்பி அனுப்பினால்?

"இங்க இல்லீனா எங்க போவீங்க?" என்று கேட்டாள்.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உங்களுக்கு எதுக்குங்க்கா அது?"

"எதுல வந்தீங்க?"

"பைக்லதான்."

"வண்டிய இங்கயே நிறுத்திப்போட்டு பஸ்ஸுல ஊட்டுக்குப் போங்க கண்ணு. நாளைக்கு வந்து எடுத்துக்கலாம். நான் பத்திரமாப் பாத்துக்கறேன்."

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் கிருபா வாசலை விட்டு ரோடு வரைக்கும் ஓடினாள். பஸ்களுக்கு நடுவே பின்னால் உட்கார்ந்தவனின் சிவப்புச் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது. ஹெல்மெட் இல்லை. பிறகு அதுவும் தெரியவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது சாமுவேல் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் லேத் எண்ணெய்க் கறுப்பு போகாது. கிருபா படியில் உட்கார்ந்து, சீனுவைப் பார்த்ததைச் சொன்னாள். அவர் குழாயை மூடாமல் நின்றார். இந்த ஓட்டலுக்குத்தான் முதலில் வந்தார்கள், கந்தப்பன் கேட்டுத் திருப்பி அனுப்பினார் என்று சொன்னாள். தண்ணீர் வாளி நிறைந்து வழிந்து ஓடியது.

"கேட்டாங்களா?"

"ஆமாங்க. கேட்டிருக்காங்க."

சாமுவேல், "அப்ப நான் இனி யாரத் திட்டறது?" என்றார்.

கிருபா எழுந்து போய்க் குழாயை மூடினாள்.

"அவனத்தான்" என்றார் அவரே. "இங்க வேண்டாம்னு அனுப்புன பையன அவந்தான அங்க இழுத்துட்டுப் போனான்? கேட்டயா? என்ன சொன்னான்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். சீனுவே அதைத்தான் சொல்லியிருந்தான். செத்தவன் நல்ல பிள்ளையாகவே இருந்துவிடுவான், இவருக்குத் திட்டவும் ஓர் ஆள் மிஞ்சுவான்.

"நான்தான்னு சொன்னானுங்க. அது பொய்யுங்க."

"பொய்யுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் தெனமும் அந்த மாதிரிப் பொய்யத்தானுங்க கேக்கறேன். கூப்பிட்டது நம்ம எபிதானுங்க. உங்களுக்கும் தெரியும். வேண்டான்னா அவன் கேப்பானுங்களா? சீனு எப்ப அவன் பேச்சத் தட்டியிருக்கான்?"

சாமுவேல் அவளை அடித்துவிடுவார் போலத்தான் பார்த்தார். பிறகு அந்த முகம் அப்படியே உடைந்தது. அடக்கத்தன்று கூடக் கல்லாக நின்ற மனிதர், குழாயடிக் கல்லில் குந்தி உட்கார்ந்து, ஈரக் கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, "எஞ்சாமி, எஞ்சாமி" என்று கதறினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கிருபா அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் அவளுக்கு லீவு வந்த நாளில் சாமுவேலும் பட்டறையில் சொல்லிவிட்டு வந்தார். துடியலூர் போவதாகப் பேச்சு. காந்திபுரத்தில் பஸ் மாறி ஏறி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனார்கள். கவுண்டம்பாளையம் ஸ்டாப் வந்தபோது அவர் சட்டென்று எழுந்தார்.

"என்னால ஆகல கிருபா. அவங்க அம்மா மூஞ்சியப் பாக்க என்னால ஆகாது. நீ போயிட்டு வா."

அவள் மறுபேச்சுப் பேசுவதற்குள் இறங்கிவிட்டார்.

தெருவில் விசாரித்து வாங்கிய விலாசத்தோடு கிருபா தனியாகத்தான் போனாள். சீனுவின் அம்மா கதவைத் திறந்து பார்த்ததும் கிருபாவின் இரண்டு கையையும் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். சீனு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதியில் எழப் போனவனை, "உக்காந்து தின்னு" என்றாள் கிருபா. அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"யார் கூப்பிட்டதுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும் சீனு. இனிமேல் நீ அப்படிச் சொல்லாத."

அவன் தட்டைப் பார்த்தபடி இருந்தான். சோற்றில் கண்ணீர் விழுந்தது. "அவன நல்லவனாவே விட்டுரலாம்னு பாத்தனுங்க" என்றான்.

"அவன் நல்லவந்தான்" என்றாள் கிருபா.

திரும்பி வரும்போது, பஸ் கவுண்டம்பாளையத்தில் நின்றது. நிழற்குடையின் சிமெண்ட் பெஞ்சில் சாமுவேல் உட்கார்ந்திருந்தார். எந்த பஸ்ஸில் வருவாள் என்று தெரியாமல் வருகிற பஸ்ஸையெல்லாம் எழுந்து எழுந்து பார்த்திருக்க வேண்டும், இந்த பஸ்ஸுக்கும் எழுந்து நின்றார். கிருபா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெயிலில் இருந்த உடம்பு, சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

இரண்டு ஸ்டாப் போனது.

"நல்லா நடக்கறானா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் சாச்சுத்தான் நடக்கறானுங்க."

சாமுவேல் தலையை ஆட்டினார். கண்டக்டர் வந்து நின்றதும், சட்டைப் பையில் சில்லறையைத் தேடத் தொடங்கினார்.